காஞ்சிபுரம்: தெரு, பேட்டை, பாளையம், காலனி – குடியிருப்புகளின் சமூக வரலாறு

காஞ்சிபுரம் கோயில் நகரமாகவும் பட்டு நகரமாகவும் அறியப்படுகிறது. இந்நகரின் குடியிருப்புகள் கோயில், தொழில், சாதி, வருமானம் ஆகிய நான்கையும் ஒட்டி உருவானவை. சன்னதித் தெரு, மாட வீதி, ராஜ வீதி, பேட்டை, பாளையம், மேடு, சேரி, காலனி, நகர் என முடியும் இடப்பெயர்கள், அங்கு யார் குடியேறினர் என்பதையும் அவர்களைப் பிறர் எப்படி மதித்தனர் என்பதையும் ஓரளவு காட்டுகின்றன. ஒருவர் தம் தெருவின் பெயரைச் சொன்னதும் அவருடைய தொழிலையும் சாதியையும் வசதியையும் கேட்பவர் ஊகித்துக்கொள்ளும் வழக்கம் தமிழகத்தின் பல சிறு நகரங்களில் உண்டு. காஞ்சிபுரத்தில் அவ்வழக்கம் எப்படி உருவானது, எப்படி மாறி வருகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பழைய நகர அமைப்பு

தொழிலுக்கும் குலத்துக்கும் ஏற்பக் குடியிருப்புகளைப் பிரிக்கும் முறை தமிழகத்தில் மிகப் பழமையானது. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரம் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு பகுதிகளாக இருந்தது. கடலை ஒட்டிய மருவூர்ப்பாக்கத்தில் வணிகரும் கைவினைஞரும் நெசவாளரும் வாழ்ந்தனர். பட்டினப்பாக்கத்தில் அரசனைச் சார்ந்தோரும் பெருவணிகரும் அந்தணரும் வாழ்ந்தனர்.

காஞ்சி நகரைப் பற்றிய பழைய தமிழ்ச் சித்திரம், கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட இந்நூல், காஞ்சியின் அமைப்பைத் தாமரைப் பூவுக்கு ஒப்பிடுகிறது. பல்லவர்களின் தலைநகராக இருந்தபோது சீனப் பயணி யுவான் சுவாங் கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் இங்கு வந்தார். இராசசிம்மன் எடுப்பித்த கைலாசநாதர் கோயிலும் இரண்டாம் நந்திவர்மன் எடுப்பித்த வைகுண்டப் பெருமாள் கோயிலும் அக்காலத்தவை.

சைவ, வைணவக் கோயில்களோடு சமண, பௌத்தப் பள்ளிகளும் இங்கிருந்தன. இதனால் சிவகாஞ்சி, விஷ்ணுகாஞ்சி, ஜினகாஞ்சி, புத்தகாஞ்சி என நகரைப் பிரித்துச் சொல்லும் மரபு ஏற்பட்டது. ஜினகாஞ்சி இன்றைய திருப்பருத்திக்குன்றம் ஆகும். சமயத்தை வைத்து நகரைப் பிரித்த இப்பெயர்களுக்குள் தொழிலையும் சாதியையும் வைத்துப் பிரிந்த தெருக்கள் இருந்தன.

கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் நெசவாளர்

காஞ்சியின் நெசவாளர் குடியிருப்புகளைப் பற்றிய முக்கியச் சான்று, சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள உத்தம சோழனின் செப்பேடு (கி.பி. 10-ஆம் நூற்றாண்டு) ஆகும். கச்சிப்பேடு என இதில் குறிக்கப்படும் காஞ்சியில் உள்ள ஊரகம் பெருமாள் கோயிலின் நிருவாகத்தைப் பற்றி இச்செப்பேடு பேசுகிறது. நகரின் நான்கு குடியிருப்புகளில் வாழ்ந்த 'பட்டசாலிகள்' எனப்படும் நெசவாளரிடம் கோயில் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. பாடி, சேரி என முடியும் பெயர்களைக் கொண்டவை அக்குடியிருப்புகள்.

இதிலிருந்து இரு செய்திகள் தெரியவருகின்றன. முதலாவது, சோழர் காலத்திலேயே நெசவாளர் தனிக் குடியிருப்புகளில் வாழ்ந்தனர். இரண்டாவது, 'சேரி' என்ற சொல்லுக்கு அக்காலத்தில் இழிவான பொருள் இல்லை. சேர்ந்து வாழும் இடம் என்பதே அதன் பொருள். சோழர் கால ஊர்களில் பார்ப்பனச்சேரி, கம்மாணச்சேரி, பறைச்சேரி எனப் பலவகைச் சேரிகள் இருந்தன. பிற்காலத்தில் அச்சொல் தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்டோரின் குடியிருப்பை மட்டும் குறிப்பதாகச் சுருங்கியது. நகரங்களில் ஏழைகளின் நெருக்கமான குடியிருப்பு என்ற பொருளும் அதற்கு வந்து சேர்ந்தது. ஒரு குடியிருப்பின் பெயர் அங்கு வாழ்வோரின் நிலையோடு சேர்ந்து தாழ்வதற்கு இது பழைய எடுத்துக்காட்டு.

விசயநகரக் காலத்தில் கைக்கோளர் எனப்படும் செங்குந்த நெசவாளரின் நிலை உயர்ந்தது. பல்லக்கில் செல்லுதல், சடங்குகளில் சங்கு ஊதுதல் போன்ற உரிமைகளைப் பெற்றதை அக்காலக் கல்வெட்டுகள் பதிவு செய்துள்ளன. இன்றைய பார்வையில் சிறியவையாகத் தோன்றும் இவ்வுரிமைகள் அன்று தெருவின் மதிப்பைத் தீர்மானித்தன. எந்தத் தெருவில் யார் பல்லக்கில் போகலாம், யார் செருப்பணிந்து நடக்கலாம், எந்த ஊர்வலம் எதுவரை செல்லலாம் என்பவை சாதிநிலையின் வெளிப்படையான அடையாளங்களாக இருந்தன. கைக்கோளரின் 72 நாடுகள் என்ற அமைப்புக்குக் காஞ்சிபுரமே மாநாடாக, அதாவது தலைமையிடமாகக் கருதப்பட்டது.

வலங்கை, இடங்கைப் பிரிவுகள்

தமிழகத்தின் தொழில் சாதிகள் பல நூற்றாண்டுகள் வலங்கை, இடங்கை என இரு அணிகளாகப் பிரிந்திருந்தன. இப்பிரிவின் தோற்றத்தைக் காஞ்சிபுரத்தோடு இணைக்கும் மரபுக்கதைகள் உண்டு. இவ்விரு அணிகளின் பூசல்கள் பெரும்பாலும் தெருவைப் பற்றியவையாகவே இருந்தன. சென்னையில் 1707-இல் வெடித்த கலகத்தின் முடிவில், பெத்தநாயக்கன்பேட்டை வலங்கையினருக்கும் முத்தியால்பேட்டை இடங்கையினருக்கும் உரியவை என்று ஆங்கிலேய ஆட்சியினர் பிரித்தனர். சாதியை வைத்துத் தெருவைப் பிரித்து அதற்கு அரசின் ஒப்புதலும் கிடைத்ததற்கு இது தெளிவான சான்று.

19-ஆம் நூற்றாண்டில் வலங்கை, இடங்கைப் பிரிவு மெல்ல மறைந்தது. ஆயினும் அது வகுத்த தெருக்கள் மறையவில்லை.

பெரிய காஞ்சி, சின்ன காஞ்சி

இன்றைய நகரத்தைப் பொதுமக்கள் பெரிய காஞ்சிபுரம், சின்ன காஞ்சிபுரம் என இரண்டாகப் பிரித்துச் சொல்கின்றனர். ஏகாம்பரநாதர், காமாட்சியம்மன் கோயில்களை மையமாகக் கொண்டது பெரிய காஞ்சிபுரம். வரதராசப் பெருமாள் கோயிலை மையமாகக் கொண்டது சின்ன காஞ்சிபுரம். கிருஷ்ணதேவராயர் 1509-இல் கட்டிய ஏகாம்பரநாதர் கோயிலின் ராஜகோபுரம் நகரின் அடையாளமாக விளங்குகிறது.

கோயிலை ஒட்டிய சன்னதித் தெருக்களிலும் மாட வீதிகளிலும் அந்தணரும் கோயில் பணியாளரும் வாழ்ந்தனர். தேர் ஓடும் ராஜ வீதிகளில் வணிகரும் நிலவுடைமையாளரும் வீடு கட்டினர். அவற்றுக்கு அப்பால் நெல்லுக்காரத் தெரு, எண்ணெய்க்காரத் தெரு, செக்குப்பேட்டை, பஞ்சுப்பேட்டை எனத் தொழிலையும் பண்டத்தையும் பெயராகக் கொண்ட பகுதிகள் அமைந்தன. ஒலிமுகமதுபேட்டை முஸ்லிம்களின் இருப்பைப் பெயரிலேயே கொண்டுள்ளது. நகரின் ஓரத்திலும் ஆற்றங்கரையிலும் தாழ்த்தப்பட்ட மக்களின் குடியிருப்புகள் இருந்தன. தேர் வரும் தெரு உயர்ந்தது, தேர் வராத தெரு தாழ்ந்தது என்ற எண்ணம் இவ்வமைப்பிலிருந்து பிறந்தது.

ஒரு தெருவுக்குள்ளும் பிரிவினை இருந்தது. வரதராசப் பெருமாள் கோயிலில் வடகலை, தென்கலைப் பிரிவினரிடையே பாசுரம் ஓதும் உரிமை பற்றிய வழக்குகள் ஆங்கிலேயர் காலம் தொட்டு நீதிமன்றங்களில் நடந்து வந்துள்ளன. அண்டை வீட்டாராக வாழ்ந்தவர்களே அவ்வழக்குகளின் இரு தரப்பினராகவும் இருந்தனர்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியா வந்த நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸ், காஞ்சிபுரம் போன்ற கோயில் நகரங்களின் திட்டமிட்ட அமைப்பைப் பாராட்டினார். அகன்ற வீதிகள், தோட்டத்துடன் கூடிய வீடுகள், குளங்கள் ஆகியவை அவரைக் கவர்ந்தன. அந்த வீதிகளில் நடக்கும் உரிமை எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை என்பது அதே அமைப்பின் மறுபக்கம். 1947-ஆம் ஆண்டின் சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டத்துக்குப் பிறகே எல்லாச் சாதியினரும் கோயிலுக்குள் செல்லும் உரிமை முழுமையாகச் சட்டமானது.

பிள்ளையார்பாளையம்: தறியும் வீடும்

கைலாசநாதர் கோயிலுக்கு அருகே விரிந்துள்ள பிள்ளையார்பாளையம் நகரின் மிகப் பெரிய நெசவாளர் பகுதியாகும். செங்குந்தர், சாலியர், தேவாங்கர் உள்ளிட்ட நெசவுச் சமூகத்தினர் காஞ்சிபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் வாழ்கின்றனர். பருத்தித் துணிக்குப் பெயர்பெற்றிருந்த இந்நகரம், பின்னாளில் பட்டுச் சேலையால் புகழ்பெற்றது. பட்டு நூல் கர்நாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. காஞ்சிபுரம் பட்டு 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது.

நெசவாளர் வீட்டைப் புரிந்துகொள்ளாமல் நெசவாளர் தெருவைப் புரிந்துகொள்ள முடியாது. மரபான குழித்தறியில் நெய்பவர் தரையில் தோண்டிய குழியில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதிகட்டைகளை இயக்குவார். ஆகவே தறி தரைத்தளத்தில்தான் இருக்க முடியும். ஜக்கார்டு பெட்டியைத் தறிக்கு மேலே பொருத்த உயரமான கூரை வேண்டும். வீட்டின் பெரும்பகுதியைத் தறியே எடுத்துக்கொள்ள, எஞ்சிய இடத்தில் குடும்பம் சமைத்து உண்டு உறங்கியது.

தெருவும் தொழிற்கூடத்தின் ஒரு பகுதியே. சேலைகளுக்கான பாவைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, இழைகளைச் சீர்செய்வார்கள். இதற்கு நீளமான, நேரான தெரு வேண்டும். அண்டை வீட்டாரின் கைகளும் வேண்டும். அதிகாலையில் ஒரு வீட்டுப் பாவுக்கு நான்கு வீட்டார் வந்து நிற்பது நெசவாளர் தெருக்களின் வழக்கம். மழைக்காலத்தில் தறிக்குழியில் நீர் ஊறிவிட்டால் வேலை நின்றுவிடும். பாவும் காயாது. அந்நாட்களில் கடன் வாங்குவது வாடிக்கை.

இதனால் நெசவாளர் தெருவுக்கு ஊரில் இருவகைப் பெயர் இருந்தது. உலகம் போற்றும் சேலையை நெய்யும் கலைஞர்களின் தெரு என்பது ஒன்று. கடனில் மூழ்கிய, நெருக்கடியான, குழந்தைகள் பள்ளிக்குப் போகாத தெரு என்பது மற்றொன்று.

ஒரே சாதி, இரு வர்க்கம்

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நெசவாளர் தெரு ஒரே சாதியினரின் தெருவாகத் தோன்றும். உள்ளே வர்க்க வேறுபாடு தெளிவாக இருந்தது. நூலும் சரிகையும் வாங்கிக் கொடுத்து, நெய்த சேலையைப் பெற்றுக்கொள்ளும் முதலாளி ஒருபுறம். சொந்தத் தறியில் கூலிக்கு நெய்பவர் மறுபுறம். தறிகூட இல்லாமல் பிறர் வீட்டுத் தறியில் உட்கார்ந்து நெய்பவர் மூன்றாம் நிலையில் இருந்தார். மூவரும் ஒரே குலத்தைச் சேர்ந்தவர்களாக, உறவினராகக்கூட இருக்கலாம்.

முதலாளிகள் நாளடைவில் கடைவீதிக்கு அருகில் மாடி வீடு கட்டிக் குடிபெயர்ந்தனர். காந்தி சாலை பட்டுக்கடைகளின் வீதியாக வளர்ந்தது. சேலை நெய்யப்படும் தெருவும் சேலை விற்கப்படும் தெருவும் இவ்வாறு பிரிந்தன. திருமணத்துக்குப் பட்டெடுக்க வெளியூரிலிருந்து வருபவர் விற்கும் தெருவை மட்டுமே காண்கிறார்.

கூலி நெசவாளரை முதலாளியோடு பிணைத்தது முன்பணம். திருமணம், மருத்துவம், வீட்டுப் பழுது ஆகியவற்றுக்காக வாங்கிய முன்பணத்தை அடைக்கும்வரை வேறு முதலாளியிடம் நெய்ய முடியாது. காஞ்சிபுரச் சேலையின் சிறப்பான கோர்வை முறையில், உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து இணைக்க வேண்டும். இதற்கு இரண்டாவது ஆள் தேவை. அந்த இடத்தில் பெரும்பாலும் சிறுவர், சிறுமியர் அமர்த்தப்பட்டனர். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்த பின்னரும் முன்பணத்துக்குப் பிள்ளைகளைத் தறியில் விடும் வழக்கம் தொடர்ந்தது. இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2003-இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. அதன் பின் அரசும் தொண்டு அமைப்புகளும் பெற்றோரும் எடுத்த முயற்சிகளால் இவ்வழக்கம் பெருமளவு குறைந்தது.

அரசியலும் கூட்டுறவும்

நெசவாளர் தெருக்கள் தமிழக அரசியலில் பெரும் பங்கு வகித்துள்ளன. சி. என். அண்ணாதுரை 1909-இல் காஞ்சிபுரத்தில் எளிய நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார். 'திராவிட நாடு' இதழை 1942 முதல் இங்கிருந்தே நடத்தினார். கைத்தறித் துணிகள் தேங்கி நெசவாளர்கள் பட்டினியில் வாடிய 1953-இல், அவரும் கழகத்தினரும் தெருத் தெருவாகத் துணியைச் சுமந்து விற்றனர். நெசவாளரின் வறுமையைத் தமிழகம் முழுவதற்குமான பிரச்சினையாக அந்நிகழ்ச்சி மாற்றியது. அண்ணா 1957-இல் காஞ்சிபுரத்தில் வென்றார். 1962-இல் பேருந்து நிறுவன உரிமையாளரான நடேச முதலியாரிடம் தோற்றார். 1967-இல் முதலமைச்சரானார்.

முதலாளியின் பிடியிலிருந்து நெசவாளரை விடுவிக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் தொடங்கப்பட்டன. மாநில அளவில் கோ-ஆப்டெக்ஸ் 1935-இல் தோன்றியது. விடுதலைக்குப் பின் காமாட்சியம்மன், முருகன், அறிஞர் அண்ணா முதலிய பெயர்களில் காஞ்சிபுரத்தில் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் வளர்ந்தன. சங்கத்தில் உறுப்பினரானவருக்கு நூல், கூலி, ஊக்கத்தொகை, சேமநலம் ஆகியவை முறையாகக் கிடைத்தன. ஆகவே 'சங்கத்துக்கு நெய்பவர்' என்பது தெருவில் ஒரு மதிப்பாக மாறியது. 'வெளியில் நெய்பவர்' அதற்கு ஒரு படி கீழே எண்ணப்பட்டார்.

ஆலைத் துணி மீது 1953-இல் விதிக்கப்பட்ட கூடுதல் வரியின் நிதியைக் கொண்டு கைத்தறி வளர்ச்சித் திட்டங்கள் செயல்பட்டன. அவற்றில் ஒன்று நெசவாளர் குடியிருப்புகள் அமைத்தல். தமிழகத்தின் பல ஊர்களில் 'நெசவாளர் காலனி' என்ற பெயர் இன்றும் உள்ளது. வரிசையான சிறிய வீடுகள், தறி போட ஒரு கூடம், பாவுக்கான அகன்ற தெரு என்பவை அவற்றின் அடிப்படை. பரம்பரைத் தெருவில் இடமில்லாத நெசவாளருக்குச் சொந்த வீடு கிடைத்தது பெரிய மாற்றமாகும்.

வீட்டுவசதி வாரியமும் புதிய நகர்களும்

தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் 1961-இல் தோன்றியது. காஞ்சிபுரம் மாவட்டத் தலைமையிடமாக வளர்ந்தபோது அரசு ஊழியர், ஆசிரியர், வங்கிப் பணியாளர் எனப் புதிய நடுத்தர வர்க்கம் உருவானது. இவர்கள் பழைய தெருக்களில் வாடகைக்கு வீடு தேடியபோது சாதி கேட்கப்பட்டது. வாரியத்தின் மனைகளிலும் வீடுகளிலும் ஒதுக்கீடு வருமானப் பிரிவின்படி நடந்ததால், பல சாதியினர் ஒரே வரிசையில் குடியேற வாய்ப்புக் கிடைத்தது. குறைந்த வருவாய்ப் பிரிவு, நடுத்தர வருவாய்ப் பிரிவு, உயர் வருவாய்ப் பிரிவு என்ற சொற்களே அக்குடியிருப்புகளில் புதிய அடையாளங்களாயின. சாதியை வைத்து அறியப்பட்ட தெருவுக்குப் பதிலாக, சம்பளத்தை வைத்து அறியப்படும் தெரு வந்தது.

நகரின் தெற்கே ஓரிக்கை, செவிலிமேடு பகுதிகளில் புதிய குடியிருப்புகள் பெருகின. செவிலிமேடு பேரூராட்சி 2011-இல் நகராட்சியுடன் இணைந்தது. காஞ்சிபுரம் 2021-இல் மாநகராட்சியாயிற்று. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் 1990-களின் இறுதி முதல் வந்த மோட்டார் வாகன, மின்னணுத் தொழிற்சாலைகள் நெசவாளர் பிள்ளைகளை ஈர்த்தன. தறியில் உட்கார மறுத்து, நிறுவனப் பேருந்தில் ஏறிச் செல்லும் தலைமுறை உருவானது. மாதச் சம்பளம் பெறும் மாப்பிள்ளைக்குத் தறிக்காரரைவிட எளிதில் பெண் கிடைத்தது. சம்பளம் வந்ததும் குடும்பங்கள் பழைய தெருவை விட்டு 'நகர்' என முடியும் பகுதிக்கு நகர்ந்தன.

வேகவதிக் கரையும் கீழ்க்கதிர்ப்பூரும்

பாலாற்றின் துணையாறான வேகவதி காஞ்சிபுரத்தின் ஊடாக ஓடுகிறது. நிலம் வாங்க வழியில்லாத கூலித் தொழிலாளரும் நெசவாளரும் பல பத்தாண்டுகளாக அதன் கரைகளில் வீடு கட்டி வாழ்ந்தனர். 2015-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரை ஆக்கிரமிப்புகளை அகற்றும் நடவடிக்கை தீவிரமானது. இவர்களைக் குடியமர்த்துவதற்காக நகருக்கு வெளியே கீழ்க்கதிர்ப்பூரில் 2,000-க்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகள் கட்டப்பட்டன. 1970-இல் தோன்றிய தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் இவற்றைக் கட்டியது. அவ்வாரியத்தின் பெயர் 2021-இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றப்பட்டது.

கரையில் வாழ்ந்தோரில் பலர் அங்கு செல்லத் தயங்கினர். வேலை செய்யும் இடத்தின் தொலைவு, பிள்ளைகளின் பள்ளி, பேருந்துச் செலவு ஆகியவற்றை அவர்கள் காரணமாகக் கூறினர். நெசவாளருக்குக் கூடுதலான ஒரு சிக்கல் உண்டு. மாடி வீட்டில் தறிக்குழி தோண்ட முடியாது. பாவு நீட்டத் தெரு இல்லை. வெள்ளத்திலிருந்து காக்கும் வீடு தொழிலைக் காக்கவில்லை. அதே கீழ்க்கதிர்ப்பூரில் கைத்தறிப் பட்டுப் பூங்காவும் அமைந்துள்ளது. வீட்டோடு இணைந்திருந்த தறி, இவ்வாறு வீட்டிலிருந்து தனியே பிரிந்து கூடத்துக்குப் போகிறது.

பெயரும் ஒரு சிக்கலே. வாரிய அடுக்குமாடிகளுக்குத் தமிழக நகரங்களில் 'குடிசை மாற்று' என்ற அடைமொழி நிலைத்துவிட்டது. அங்கு வாழ்வோரைக் குற்றத்தோடு சேர்த்துப் பேசும் வழக்கமும் உண்டு. ஒரே நிலையில் உள்ள ஏழைகளை மட்டும் ஊருக்கு வெளியே மொத்தமாகக் குடியமர்த்தும்போது, பழைய சேரியின் இடவமைப்பே புதிய கட்டடத்தில் திரும்புகிறது.

பெயர் மாற்றங்களும் சமத்துவபுரமும்

தெருப் பெயர்களில் உள்ள சாதிப் பெயர்களை நீக்கும்படி தமிழக அரசு 1978-இல் ஆணையிட்டது. பல தெருப் பலகைகளில் சாதிப் பின்னொட்டுகள் அழிக்கப்பட்டன. பேச்சு வழக்கில் பழைய பெயர்கள் நீடித்தன.

சாதிக்கொரு தெரு என்ற அமைப்பையே மாற்றும் முயற்சியாகப் பெரியார் நினைவு சமத்துவபுரம் திட்டம் 1997-இல் அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு சமத்துவபுரத்திலும் 100 வீடுகள். ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, பிறருக்கு 10 என அவை ஒதுக்கப்பட்டன. முதல் சமத்துவபுரம் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் அமைந்தது. ஊர்களின் மொத்த வீடுகளோடு ஒப்பிட்டால் எண்ணிக்கையில் சிறியது எனினும், அண்டை வீட்டாரைச் சாதி தீர்மானிக்கக் கூடாது என்பதை அரசின் வீட்டுத் திட்டமாக்கியது இதுவே.

'காலனி' என்ற சொல்லின் வரலாறு தனியே கவனிக்கத்தக்கது. அரசு ஊழியர் காலனி, நெசவாளர் காலனி என்னும்போது திட்டமிட்ட குடியிருப்பைக் குறித்த இச்சொல், கிராமங்களில் ஆதிதிராவிடர் குடியிருப்பை மட்டும் குறிக்கும் வசைச்சொல்லாக மாறியது. இச்சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். 'சேரி'க்கு நேர்ந்ததே 'காலனி'க்கும் நேர்ந்தது. இழிவு சொல்லில் பிறப்பதில்லை. ஒதுக்கி வைக்கப்பட்ட இடத்திலிருந்து அது சொல்லில் ஏறுகிறது. ஒதுக்கல் தொடருமானால் அடுத்து வரும் பெயரும் அதே சுமையை ஏற்கும்.

மதிப்பீடு

காஞ்சிபுரத்தின் குடியிருப்பு வரலாற்றில் மூன்று அடுக்குகளைக் காணலாம். கோயிலிலிருந்து எவ்வளவு தொலைவு என்பதைக் கொண்டு மதிப்பிட்டது முதலாவது. தொழிலையும் சாதியையும் கொண்டு மதிப்பிட்டது இரண்டாவது. வருமானத்தைக் கொண்டு மதிப்பிடுவது மூன்றாவது. ஒன்று வந்தபோது முந்தையது முழுவதும் மறையவில்லை.

உத்தம சோழன் காலத்தில் கோயில் காரியங்களைக் கவனிக்கும் அளவு நம்பிக்கை பெற்றிருந்தவை நெசவாளர் குடியிருப்புகள். அதே நகரின் நெசவாளர் தெரு, பின்னாளில் கடனுக்கும் கொத்தடிமைக்கும் பெயர்பெற்றது. மக்களின் திறமையும் ஒழுக்கமும் குறைந்ததால் இது நேரவில்லை. நூல், கூலி, கடன், நிலம் ஆகியவற்றின் மீது அவர்களுக்கு இருந்த பிடி தளர்ந்ததே காரணம். கூட்டுறவுச் சங்கங்கள் வலுவாக இருந்த காலத்தில் அதே தெருக்கள் மதிப்புப் பெற்றதும் இதையே உறுதிப்படுத்துகிறது. ஒரு குடியிருப்பின் நற்பெயரும் கெட்டபெயரும் அங்கு வாழ்வோரின் இயல்பைவிட, அவர்களுக்குக் கிடைத்த அல்லது மறுக்கப்பட்ட உரிமைகளையே காட்டுகின்றன.